ஒளிப்பொருட் பெயர்களும் தமிழ் எழுத்துவடிவமும்: திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒளி, சுடர், கதிர், நிலவு, விளக்கு முதலிய பொருள்களைத் தரும் மக்கட்பெயர்கள் இந்திய மொழிகள் பலவற்றிலும் வழங்குகின்றன. திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியில் தமிழ்க் குடும்பங்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் ஒருங்கே வாழ்கின்றன. ஆதலின் இப்பெயர்கள் அங்குத் தமிழ் எழுத்தில் ஒரே பதிவேட்டில் இடம்பெறும் நிலை உள்ளது. பொருளால் ஒத்தும் சிலபோது வேராலும் ஒத்தும் நிற்கும் இப்பெயர்கள், எழுத்துவடிவம் பெறும்போது எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. பெயரின் பொருளை அறிதல் அதன் சரியான எழுத்துவடிவத்தைத் துணிவதற்குக் கருவியாகும் என்பதும், பெயரைத் தமிழாக்கும் உரிமை பதிவு செய்பவருக்கன்றிப் பெயருக்கு உரியவருக்கே உண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மக்கட்பெயர், ஒளிப்பொருட் பெயர், ஒலிபெயர்ப்பு, வடமொழியாக்கம், தலைப்பெழுத்து, திருப்பூர், புலம்பெயர் தொழிலாளர்.

1. முன்னுரை

மக்கட்பெயர் ஆய்வில் பொருள், வடிவம், வழக்கு என மூன்று கூறுகள் நோக்கப்படுகின்றன. தமிழில் இதுவரை வெளிவந்த பெயராய்வுகள் பெரும்பாலும் தமிழ்ச் சமூகத்துக்குள் வழங்கும் பெயர்களையே கருத்தில் கொண்டன. பல மொழி பேசுவோர் கூடிவாழும் தொழில்நகரங்களில் பிறமொழிப் பெயர்கள் தமிழ் எழுத்தில் அன்றாடம் எழுதப்படும் நிலை தனித்த கவனத்தைப் பெறவில்லை.

2009ஆம் ஆண்டு கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட திருப்பூர் மாவட்டம் இத்தகைய நிலைக்குத் தக்க களமாகும். பின்னலாடைத் தொழில் விரிந்தபோது முதலில் தென்தமிழக மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வட, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். தனியாக வந்தோர் சிலர் குடும்பத்தோடு தங்கலாயினர். அவர்தம் குழந்தைகள் இங்குப் பிறக்கின்றனர். இங்குள்ள பள்ளிகளில் பயில்கின்றனர். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியதால், பிறமொழிக் குழந்தையும் தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்கிறது. அப்பெயர் தமிழில் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்னும் வினா அங்கிருந்தே தொடங்குகின்றது.

எல்லாப் பெயர்களையும் ஒருங்கே ஆராய்தல் ஒரு கட்டுரைக்கு அடங்காது. எனவே மொழி, சமயம், நிலம் ஆகிய எல்லைகளைக் கடந்து பரவலாக வழங்கும் ஒளிப்பொருட் பெயர்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பெயர்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது இதன் நோக்கமன்று. சொற்பொருள், இலக்கண மரபு, பதிவு நடைமுறை ஆகியவற்றை இணைத்து விளக்குவதே நோக்கமாகும்.

2. தமிழில் ஒளிப்பொருட் பெயர்கள்

தமிழில் ஒளியைக் குறிக்கும் சொற்கள் பல. எல், ஒளி, சுடர், கதிர், மின், நிலவு, பரிதி, கனல் ஆகியன அவற்றுள் சில. 'எல்' என்னும் சொல் ஒளிப்பொருள் தருவதைத் தொல்காப்பிய இடையியல் சுட்டுகிறது. எல்லவன், எல்லோன் எனக் கதிரவனைக் குறிக்கும் சொற்கள் அதன்வழி வந்தவை. குறுந்தொகையின் 47ஆம் பாடலைப் பாடியவர், தம் பாடலில் இடம்பெற்ற நிலவு பற்றிய தொடரால் நெடுவெண்ணிலவினார் எனப் பெயர் பெற்றார். இயற்பெயர் மறைந்து, பாட்டின் ஒளித்தொடரே பெயராக நிலைத்ததற்கு இது சான்று.

இக்கால வழக்கில் சுடர்க்கொடி, சுடர்விழி, இளம்பரிதி, செங்கதிர், தமிழொளி, அறிவொளி, வெண்ணிலா முதலிய பெயர்கள் உள்ளன. கொங்குப் பகுதியில் முருக வழிபாட்டோடு இணைந்த கதிர்வேல் என்னும் பெயர் பரவலாக வழங்குகிறது. இதில் 'கதிர்' என்பது வேலின் ஒளியைச் சுட்டும் அடையாக நிற்கிறது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயில் இவ்வழிபாட்டு மரபின் குறிப்பிடத்தக்க இடமாகும்.

'கதிர்' என்னும் சொல்லின் பொருள்விரிவு இப்பகுதிக்கு மிகப் பொருந்துகின்றது. ஞாயிற்றின் ஒளிக்கீற்று, நெல் முதலிய பயிரின் கதிர், நூல் நூற்கும் கருவியின் கதிர் என மூன்றும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. நீண்டு கூர்மையுற்று வெளிப்படும் தன்மை மூன்றுக்கும் பொதுவாகும். உழவும் நூற்பும் வழிவழியாக நிகழ்ந்த நிலத்தில் ஒருவருக்குக் 'கதிர்' எனப் பெயரிடும்போது, கேட்போர் மனத்தில் எழும் பொருள் ஒன்றாக மட்டும் இருக்க இயலாது. பெயரின் அகராதிப் பொருளும் வாழ்களப் பொருளும் இணையும் இடம் இது.

3. சமயம் கடந்த வழக்கு

ஒளிப்பொருட் பெயர்கள் எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமை உடையன அல்ல. இராமலிங்க வள்ளலார் (1823–1874) இறைவனை அருட்பெருஞ்ஜோதியாகக் கண்டு வழிபட்டார்; 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவினார். ஜோதி, ஜோதிலிங்கம், ஜோதிமணி, அருட்ஜோதி ஆகிய பெயர்களை விளங்கிக்கொள்ள இம்மரபும் திருவண்ணாமலைத் தீப மரபும் துணைபுரிகின்றன.

இசுலாமிய மரபில் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 'நூர்', அதாவது ஒளி என்னும் பெயருடையது. 33ஆம் அத்தியாயத்தில் நபிகள் ஒளிதரும் விளக்காகக் குறிக்கப்படுகிறார். நூர்முகம்மது, நூருல்லா, சிராஜுதீன் ஆகிய பெயர்கள் இக்கருத்துகளோடு தொடர்புடையன. சிராஜ் என்பது விளக்கு. முனீர் என்பது ஒளிதருவது. ஷம்ஸ் என்பது ஞாயிறு. கமர் என்பது திங்கள். நூர்ஜஹான் என்னும் பெயரில் அரபுச் சொல்லும் பாரசீகச் சொல்லும் இணைந்து 'உலகின் ஒளி' என்னும் பொருள் தருகின்றன.

கிறித்தவ மரபில் லூசியா என்னும் பெயர் ஒளியைக் குறிக்கும் 'லுக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழியது. கிளாரா என்பது தெளிவும் ஒளியும் உடையவள் எனப் பொருள்படும். இவற்றினும் நோக்கத்தக்கது ஞானப்பிரகாசம் என்னும் பெயர். தமிழ்க் கத்தோலிக்கர் அலோசியஸ் என்னும் புனிதரை ஞானப்பிரகாசியார் என வழங்குகின்றனர். அலோசியஸ் என்னும் பெயருக்கு ஒளிப்பொருள் இல்லை. ஆகவே இது மொழிபெயர்ப்பன்று. தமிழ் மண்ணில் முன்பே மதிப்புப் பெற்றிருந்த ஒரு பெயரை ஏற்றுக்கொண்ட செயலாகும். சைவ மரபிலும் ஞானப்பிரகாசர் என்னும் பெயருடைய அறிஞர்கள் இருந்தனர். ஒரே பெயர் இரு சமயங்களில் சிறப்புடன் வழங்கியமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

4. புலம்பெயர் குடும்பங்களின் ஒளிப்பெயர்கள்

கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் பெயர்களில் மூன்று வகைகளைக் காணலாம்.

முதல்வகை, சமற்கிருத மூலமுடைய பொதுப்பெயர்கள். ஜ்யோதி, பிரகாஷ், தீபக், கிரண், ஆலோக், தீப்தி, ஜ்யோத்ஸ்னா ஆகியன இவ்வகையின. ஒரே பெயர் மொழிதோறும் வேறாக ஒலிக்கிறது. 'பிரகாச' என்பதை இந்தி பேசுவோர் இறுதி உயிரை விட்டு 'ப்ரகாஷ்' என்பர். ஒடியா பேசுவோர் இறுதி அகரத்தை ஒலிப்பதோடு, இடையின் உரசொலியைச் சகரத்துக்கு நெருக்கமாக ஒலிப்பர். வங்காளியில் முதல் அகரம் ஒகரச் சாயல் பெற்று 'ப்ரொகாஷ்' என ஆகும். அசாமியில் இறுதி உரசொலி கடைநாவில் பிறக்கும் உரசொலியாக மாறும். நான்கு மாநிலத்தவரும் தத்தம் எழுத்தில் ஏறத்தாழ ஒரே வடிவில் எழுதும் பெயர், செவிக்கு நான்காகிறது. செவிவழிக் கேட்டு எழுதும் தமிழ்ப் பதிவாளர் நான்கு வடிவங்களில் எழுதுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் வகை, அந்தந்த மொழிக்கே சிறப்பான பெயர்கள். அசாமியில் 'ஜோன்' என்பது திங்களையும் 'ஜோனாக்' என்பது நிலவொளியையும் குறிக்கும். ஜோனாலி என்னும் பெண்பெயர் அதன்வழி வந்தது. பாரசீகத்திலிருந்து இந்திக்கும் வங்காளிக்கும் வந்த ரோஷன், ரோஷ்னி ஆகியவற்றையும் இங்கே சுட்டலாம்.

மூன்றாம் வகை, பழங்குடி மொழிகளைச் சார்ந்தது. ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளப் பகுதிகளில் பேசப்படும் சந்தாலி மொழியில் 'மார்சால்' என்பது ஒளி. 'இபில்' என்பது விண்மீன். சந்தாலிக்கு 1925இல் இரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி என்னும் தனியெழுத்து உண்டு. ஜார்க்கண்டில் பேசப்படும் குடுக் மொழியோ திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. அம்மொழியில் விண்மீனைக் குறிக்கும் 'பீன்கோ' என்னும் சொல், தமிழின் மின், மீன் ஆகியவற்றோடு உறவுடையதாகத் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி காட்டுகிறது. தமிழ்நாட்டில் 'வடமாநிலத்தவர்' என ஒரே சொல்லால் சுட்டப்படுவோருள் தமிழுக்கு மொழியுறவுடைய ஒரு மக்களும் உள்ளனர் என்பதை இச்சொல் நினைவூட்டுகிறது.

5. வேர் உறவும் பொருள் உறவும்

ஒளிப்பெயர்கள் பொருளால் ஒத்திருப்பதனாலேயே வேராலும் ஒத்திருக்கும் எனக் கொள்ளலாகாது. அரபு நூர், சந்தாலி மார்சால், தமிழ்ச் சுடர் ஆகியவற்றுக்கிடையே வேர் உறவு இல்லை. பொருள் உறவே உண்டு. மாறாக, உருவத்தால் சிறிதும் ஒவ்வாத சில பெயர்கள் ஒரே வேரின. பாரசீக ரோஷன், இலத்தீன் லூசியா, சமற்கிருத விரோசனன் ஆகிய மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ஒளிர்தலைக் குறித்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் சுவையைக் குறிக்க வழங்கும் 'ருசி' என்னும் வடசொல்லும் அவ்வேரினதே. சமற்கிருதத்தில் அதற்கு ஒளி, விருப்பம், சுவை எனப் பொருள்கள் உள. அவ்வாறே உருசிய மொழியின் சுவெத்லானா என்னும் பெயரிலுள்ள 'சுவெத்' என்னும் ஒளிச்சொல்லும், வெண்மையைக் குறிக்கும் 'சுவேத' என்னும் சமற்கிருதச் சொல்லும் உறவுடையன.

இவ்வேறுபாட்டை உணர்வது எழுத்துவடிவத்தைத் துணிவதற்கும் இன்றியமையாதது. பொருள் ஒன்றாயினும் ஒலி வேறான பெயரை ஒன்றற்கு மற்றொன்றாக எழுத இயலாது. ஒலி நெருங்கியதாயினும் பொருள் வேறான பெயரோடு மயக்கவும் கூடாது.

6. எழுத்துவடிவச் சிக்கல்கள்

பிறமொழிப் பெயர் தமிழ் எழுத்தில் வரும்போது எழும் சிக்கல்களை நான்காகப் பகுக்கலாம்.

அ) ஒலிப்பு வேறுபாடு. தமிழ் எழுத்து வல்லினத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 'தீபா' என்பதன் முதலெழுத்தை வேற்றுமொழியார் இருவகையாகவும் படிக்கலாம். விளக்கைக் குறிக்கும் 'தீப' என்னும் சொல்லை அறிந்தவருக்கு ஐயம் எழாது.

ஆ) ஒலி மயக்கம். ஒளியைக் குறிக்கும் 'ரோஷ்னி' கவனமின்றி எழுதப்பட்டால் 'ரஜினி' ஆகலாம். ரஜினி என்பதற்கு மூலமான 'ரஜனி' இரவைக் குறிப்பது. பெயரின் பொருள் நேர்மாறாகி விடுகிறது. ஒளிர்வைக் குறிக்கும் 'தீப்தி' என்பது 'திருப்தி' எனவும், ஒளியைக் குறிக்கும் 'நூர்' என்பது 'நூறு' எனவும் மாறுதற்கு இடமுண்டு.

இ) ஈற்று மாற்றம். தமிழில் ஆண்பெயர் 'அன்' ஈறு பெறும் மரபால் பிரபாகர், திவாகர், பாஸ்கர் ஆகியன பிரபாகரன், திவாகரன், பாஸ்கரன் என வழங்குகின்றன. ஒளியைச் செய்பவன், பகலைச் செய்பவன் என்னும் பொருளில் மாற்றமில்லை. ஆனால் ஆவணத்தில் தந்தை பெயர் 'பிரபாகர்' என ஓரிடத்திலும் 'பிரபாகரன்' என மற்றோரிடத்திலும் அமைந்தால், கணினி அவற்றை இருவராகவே கொள்ளும்.

ஈ) மீள் ஒலிபெயர்ப்பு. தமிழ் வடிவத்திலிருந்து உரோமன் வடிவம் ஆக்கப்படும்போது மிகுதியான வேறுபாடு தோன்றுகிறது. தமிழ்நாட்டில் தகரத்துக்கு இரண்டு உரோமன் எழுத்துகளை, அதாவது 'டி', 'எச்' என்பவற்றை எழுதும் வழக்கம் உண்டு. வடமாநிலங்களில் 'டி' மட்டுமே எழுதப்படும். அங்கு ஜகரத்தை அடுத்து வரும் யகரமும் எழுதப்படும். தமிழில் அது மறைகிறது. இதனால் பீகாரில் ஆவணம் பெற்ற தாயின் 'ஜ்யோதி' என்னும் பெயரும், திருப்பூரில் மகளின் சான்றிதழில் தாய்ப்பெயராக எழுதப்படும் 'ஜோதி' என்னும் வடிவமும் உரோமன் எழுத்தில் ஒவ்வாமற் போகின்றன.

தமிழ் எழுத்தின் குறைகளை மட்டும் கூறுதல் ஒருபக்க நோக்காகும். உயிரின் குறில் நெடில் வேறுபாட்டைத் தமிழ் எழுத்து தெளிவாகக் காட்டுகிறது. நடைமுறை உரோமன் எழுத்து காட்டுவதில்லை. 'ஆலோக்' என்பது ஒளி. சமற்கிருத 'அலோக' என்பது உலகம் அல்லாதது. உரோமன் வடிவில் இரண்டும் ஒன்றே. தமிழில் முதலெழுத்தே பொருளைக் காத்துவிடும். தாரா என்னும் விண்மீனையும் தரா என்னும் நிலத்தையும் வேறுபடுத்துவதும் இத்தகையதே.

7. ஆவண நடைமுறையும் தலைப்பெழுத்தும்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன்படி பிறப்பு 21 நாள்களுக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். அப்போது குழந்தைக்குப் பெயரிடப்படவில்லையாயின் பின்னர்ப் பெயரைச் சேர்க்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடமளிக்கிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்கள்வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள்வரை கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். தவறான பதிவைத் திருத்த 15ஆம் பிரிவு வழிசெய்கிறது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலும் அதன்பின்னும் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் சான்றாகப் பிறப்புச் சான்றிதழே அமைகிறது. முன்னர் ஓர் ஆவணத்தின் பிழையை மற்றோர் ஆவணத்தால் ஈடுசெய்ய முடிந்தது. இனி அவ்வாய்ப்புக் குறைவு. ஆதலின் முதற்பதிவில் பெயர் எவ்வாறு எழுதப்படுகிறது என்பது ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் தொடரும் செய்தியாகிறது.

தமிழ்நாட்டில் பெயருக்குமுன் தந்தை பெயரின் தலைப்பெழுத்தை இடுவது மரபு. வடமாநிலங்களில் குமாரி, தேவி, குமார், தாஸ் முதலிய இரண்டாம் பெயர்களோ குடிப்பெயர்களோ பெயருக்குப் பின் வரும். 'ரோஷ்னி குமாரி' என்னும் பெயரில் 'குமாரி' என்பது தந்தை பெயரன்று. அதனைத் தலைப்பெழுத்தாக்கிக் 'கு. ரோஷ்னி' என எழுதுவது பெயரின் அமைப்பையே சிதைப்பதாகும்.

அரசு ஆவணங்களில் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. இவ்வாணை தமிழ்ப்பெயர்களுக்குப் பெரிதும் தெளிவு தருவது. ஆயினும் பழைய பழக்கத்தின் எச்சத்தால் 'பி.' என்னும் வடிவம் மூவகையாகப் பொருள்பட இடமுண்டு. உரோமன் எழுத்துகளான 'பி' இரண்டின் ஒலிப்பாகவோ, பிரகாஷ் என்பதன் தமிழ் முதலெழுத்தாகவோ அதனைக் கொள்ளலாம். அவ்வாறே தீபக் என்பவரின் மகள் 'தீ.' எனவும் 'டி.' எனவும் இருவகையில் எழுதப்படக்கூடும்.

8. இலக்கண மரபு காட்டும் நெறி

பிறமொழிச் சொற்களை ஏற்பது தமிழிலக்கணத்துக்குப் புதிதன்று. வடசொல் தனக்குரிய வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருவதைத் தொல்காப்பிய எச்சவியல் கூறுகிறது. நன்னூல் பதவியலின் இறுதிப்பகுதி வடமொழியாக்கத்தை விரிக்கிறது. ரகரம் மொழிக்கு முதலாகாமையால் ரவி என்பது இரவி எனவும், ஜகரம் சகரமாகி ஜோதி என்பது சோதி எனவும் ஆவது இந்நெறியினால்தான். பிரகாசம் என்பது இந்நெறியில் நிலைத்த பழைய வடிவம். பிரகாஷ் என்பது இந்தி, ஆங்கில ஒலிப்பின்வழிப் பின்னர் வந்த வடிவம்.

இதனின் வேறானது பொருள்பெயர்ப்பு. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என அமைத்துக்கொண்டார். சூரிய என்பது பரிதியாகவும், நாராயண என்பது மாலாகவும், சாஸ்திரி என்பது கலைஞராகவும் ஆயின. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். இவை தமிழ்ப்பெயர் வரலாற்றில் பெருமைக்குரிய நிகழ்வுகள். எனினும் இவ்விரு மாற்றங்களும் பெயருக்கு உரியோர் தாமே விரும்பிச் செய்துகொண்டவை என்பது கருதத்தக்கது. இலக்கண நூல்கள் கூறும் வடமொழியாக்கமும் மொழிவழக்கில் சொற்கள் நிலைபெறும் இயல்பை விளக்குவதேயன்றி, ஒருவருடைய பெயரை அவர் அறியாமல் மாற்ற இசைவளிப்பதன்று.

இவ்வடிப்படையில் பின்வரும் நெறிகளை முன்வைக்கலாம்:

1. ஆவணங்களில் மக்கட்பெயரை ஒலிபெயர்ப்பாகவே எழுதுதல் வேண்டும். அதற்கு ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் தேவைப்படின் அவற்றைப் பயன்படுத்தலாம்.
2. உரோமன் வடிவத்தைத் தமிழ் வடிவத்திலிருந்து புதிதாக ஆக்காமல், பெற்றோரின் ஆவணங்களில் உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும்.
3. ஒலியில் ஐயம் எழுமிடத்துப் பெயரின் பொருளைப் பெற்றோரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். ரோஷ்னி, தீப்தி, ஆலோக் ஆகியவற்றில் பொருளே வடிவத்தைக் காப்பதை மேலே கண்டோம்.
4. ஆண்பால் ஈறு சேர்த்தல், இரண்டாம் பெயரைத் தலைப்பெழுத்தாக்கல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.
5. பெற்றோர் தாமே விரும்பித் தமிழ் வடிவத்தையோ தமிழ்ப்பெயரையோ தேர்ந்தால் அதனையே முதற்பதிவில் எழுதி, பின்வரும் ஆவணங்களிலும் மாறாமல் பேணுதல் வேண்டும்.

மூன்றாம் நெறி வகுப்பறைக்கும் பயன்படும். ஒரே வகுப்பில் பயிலும் சுடர்விழி, நூர்ஜஹான், ஜோனாலி ஆகியோரின் பெயர்ப்பொருள்களை ஒப்பிட்டுக் காட்டும் தமிழாசிரியர், சொற்பொருளியலின் முதற்பாடத்தை மாணவர் பெயர்களைக் கொண்டே நடத்திவிடலாம். அதற்கெனத் தனிப் பாடநூல் வேண்டுவதில்லை.

9. முடிவுரை

திருப்பூர்ப் பகுதியில் ஒருங்கே வழங்கும் ஒளிப்பொருட் பெயர்கள் மூவகை உறவுடையன: சில ஒரே சொல்லின் வேறு ஒலிப்புகள்; சில ஒரே வேரின் வேறு கிளைகள்; சில பொருளால் மட்டும் ஒத்தவை. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்தாலன்றி அவற்றைத் தமிழில் பிழையின்றி எழுத இயலாது. குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவதில் தமிழெழுத்து வலிமை உடையது; வல்லின ஒலிப்பைக் காட்டுவதில் பொருளறிவின் துணையை வேண்டுவது. பெயரைத் தமிழாக்கும் மரபு மதிக்கத்தக்கது. அதனைச் செய்யும் உரிமை பெயருக்கு உரியவரிடமும், குழந்தையாயின் பெற்றோரிடமும் உள்ளது. பிறப்புச் சான்றிதழே முதன்மைச் சான்றாகிவிட்ட இக்காலத்தில், உள்ளாட்சி அலுவலர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் பயன்படத்தக்க பன்மொழிப் பெயர்க் கையேடு ஒன்று உடனடித் தேவையாகிறது. ஒடியா, வங்காளி, அசாமி, இந்தி, சந்தாலி, குடுக் பெயர்களின் ஒலிப்பு, பொருள், தமிழ் வடிவம் ஆகியவற்றைத் தொகுத்துத் தரும் அப்பணி, மொழியியல் துறைகளும் தமிழ்த்துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்கது.